தாஷ்கண்டில் குதிரை மேல் தைமூர்: உஸ்பெகிஸ்தான் போனவர்கள், போகப் போகிறவர்கள் பேசலாம்

#1 ஊர்சுற்றி_திருச்சி

போன மாதம் உஸ்பெகிஸ்தான் போய் வந்தேன். தாஷ்கண்ட், சமர்கண்ட், ஷக்ரிசப்ஸ், புகாரா என்று ஒரு சுற்று. ரயில், தங்குமிடம், செலவுக் கணக்கு எல்லாம் கேட்டால் சொல்கிறேன். ஆனால் இழை தொடங்கியது அதற்காக இல்லை. ஊர் திரும்பிய பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ஆளைப் பற்றிப் பேச வேண்டும். தைமூர்.

நம் பாடப்புத்தகத்தில் அவனுக்கு நாலு வரிதான். 1398 டிசம்பரில் டெல்லி வந்தான், துக்ளக் சுல்தான் மஹ்மூதைத் தோற்கடித்தான், ஊரைச் சூறையாடினான், போனான். சண்டைக்கு முன்னால் கையிலிருந்த கைதிகளை, ஒரு லட்சம் பேரை, கொல்லச் சொன்னான் என்று அவன் பக்கத்து வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அதை மறைக்காமல், ஒரு சாதனை மாதிரி எழுதி வைத்திருக்கிறார்களே, அதைக் கவனியுங்கள்.

இப்போது தாஷ்கண்டுக்கு வாருங்கள். ஊர் நடுவில் ஒரு பெரிய பூங்கா, அதன் மத்தியில் குதிரை மேல் தைமூர். அதே இடத்தில் ஜார் காலத்தில் இந்தப் பகுதியைப் பிடித்து ஆண்ட ரஷ்யத் தளபதி காஃப்மனுக்குச் சிலை இருந்தது. பிறகு ஸ்டாலின் வந்தார். பிறகு கார்ல் மார்க்ஸின் தலை. 1993-இல் மார்க்ஸை இறக்கிவிட்டு தைமூரை ஏற்றினார்கள். பக்கத்திலேயே நீலக் குவிமாடம் வைத்த தைமூரிய வரலாற்று அருங்காட்சியகம், 1996-இல் திறந்தது. சமர்கண்ட் போனால் அங்கே உட்கார்ந்த தைமூர். அவன் பிறந்த ஊரான ஷக்ரிசப்ஸில் நிற்கிற தைமூர். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் உறவுக் கூட்டத்தோடு வந்து சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சமர்கண்டில் பீபி கானிம் மசூதிக்குப் போனோம். டெல்லியிலிருந்து திரும்பிய கையோடு, 1399-இல், தைமூர் ஆரம்பித்த கட்டடம். எங்கள் குழுவில் பாதிப் பேர் இந்தியர்கள் என்பதால் வழிகாட்டிப் பெண் எங்களைக் குளிர்விக்கும்படி, "இதைக் கட்டியதில் உங்கள் நாட்டுக் கல்தச்சர்களுக்குப் பங்கு உண்டு, இந்திய யானைகள்தான் கல் சுமந்தன" என்றார். உடனே குழுவில் பாதிப் பேர் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தத் தச்சர்கள் கூலி பேசிக்கொண்டா வந்தார்கள்? ஊரை எரித்தபோது கைத்தொழில் தெரிந்தவர்களை மட்டும் ஒதுக்கி ஓட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. வரலாறு படித்தவர், நன்றாகப் பேசினார். பிறகு தேநீர் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "எங்களுக்கு அவர்தான் நாட்டைக் கட்டியவர். உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். சுற்றுலாக்காரர்களிடம் இரண்டையும் சொல்ல நேரம் இருக்காது" என்றார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? அங்கே போனவர்கள் எழுதுங்கள்.

#2 பழையபேப்பர்

நல்ல தொடக்கம். இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது, பெரும்பாலான பயணிகளுக்கு யாரும் சொல்வதில்லை.

தைமூர் உஸ்பெக் கிடையாது. துருக்கிய மொழி பேசிய பர்லாஸ் என்ற குலம், மங்கோலிய வழி. செங்கிஸ்கானின் நேரடி ரத்தம் இல்லாததால் கான் என்ற பட்டத்தைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. செங்கிஸ் வம்சத்துப் பெண்ணைக் கட்டி, 'மருமகன்' என்ற பொருளில் குர்கான் என்று போட்டுக்கொண்டான். சரி, உஸ்பெக்குகள் யார்? வடக்கே புல்வெளியிலிருந்து ஷைபானி கான் தலைமையில் இறங்கி வந்து, தைமூரின் வாரிசுகளை சமர்கண்டை விட்டே துரத்தியவர்கள். அப்படித் துரத்தப்பட்ட வாரிசுகளில் ஒருவர்தான் நம் பாபர். 1501-இல் ஷைபானி கானிடம் தோற்று சமர்கண்டை விட்டார். அது போனதால்தான் காபூல், காபூலில் இருந்ததால்தான் டெல்லி.

ஆக நாட்டின் பெயர் துரத்தியவர்களுடையது, சிலை துரத்தப்பட்டவர்களின் பாட்டனுடையது!

சோவியத் காலத்தில் தைமூர் கொடுங்கோலன், நிலப்பிரபுத்துவத்தின் முகம் என்றுதான் பாடம். 1991-இல் சுதந்திரம் வந்ததும் புது நாட்டுக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். லெனினுக்குப் பதிலாக யாரை வைப்பது? புகாராவை ஆண்ட கடைசி அமீர்கள் ரஷ்யாவுக்கு அடங்கி நடந்தவர்கள், உதவ மாட்டார்கள். ஷைபானியை வைத்தால் சமர்கண்டின் நீலக் குவிமாடங்களில் பெரும்பாலானவற்றை இழக்க வேண்டும். முதல் அதிபர் கரிமோவ் சமர்கண்ட்காரர். கணக்கு நேராக தைமூரிடம் போய் நின்றது.

இன்றைக்கும் சமர்கண்ட், புகாரா தெருக்களில் காதில் விழுவதில் பெரும்பகுதி தாஜிக், அதாவது பாரசீகம். 1924-இல் சோவியத் அரசு மக்களை மொழிவாரியாகக் கோடு போட்டுப் பிரித்தபோது இந்த இரண்டு ஊர்களும் உஸ்பெக் பக்கம் விழுந்தன. அந்த வருத்தம் தாஜிக்கிஸ்தானில் இன்னும் ஆறவில்லை.

#3 மீனா_டீச்சர்

நீங்கள் இரண்டு பேரும் சிலையிலேயே நிற்கிறீர்கள். நான் கொஞ்சம் சாப்பாட்டுப் பக்கம் போகிறேன்.

அவர்கள் ரொட்டிக்குத் தருகிற மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது. 'நான்' என்று சொல்லும் வட்ட ரொட்டி, நடுவில் அச்சுக் குத்தி, மேலே எள் தூவியது. அதைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, கத்தியால் வெட்டக் கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும், துண்டு கீழே விழுந்தால் எடுத்து உயரமான இடத்தில் வைக்க வேண்டும். நான் தெரியாமல் குப்புற வைத்துவிட்டேன். வீட்டுப் பாட்டி ஒன்றும் பேசாமல் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். சமர்கண்ட் ரொட்டி கனமானது, பளபளவென்று இருக்கும். பீபி கானிம் பக்கத்திலேயே சியோப் சந்தை, அங்கே குழந்தைகளைத் தள்ளும் வண்டியில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். அந்த ருசி வேறு ஊர் மாவுக்கு வராது என்பது அவர்கள் கட்சி. திருநெல்வேலி அல்வாவுக்கு நாம் தாமிரபரணித் தண்ணீரைச் சொல்வது போலத்தான்.

தேநீர் பெரும்பாலும் பச்சைத் தேநீர், பால் கிடையாது. முதல் கோப்பையை ஊற்றி, திரும்பக் கெண்டியிலேயே கொட்டுவார்கள். மூன்று முறை அப்படி. அப்புறம்தான் விருந்தாளிக்கு. கோப்பை நிரம்ப ஊற்றினால் 'சீக்கிரம் கிளம்பு' என்று அர்த்தமாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மரியாதை.

தாஷ்கண்ட் சோர்சு சந்தையில் ஒரு வரிசை முழுக்கக் கொரிய முகங்கள், முன்னால் மிளகாயும் பூண்டும் போட்ட காரட் ஊறுகாய்க் குவியல். இவர்கள் எப்படி இங்கே என்று விசாரித்தேன். 1937-இல் ஸ்டாலின், ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருந்த கொரியர்களை, ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று சந்தேகப்பட்டு, மொத்தமாக ரயிலில் ஏற்றிக் கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டார். ஏறக்குறைய 1,70,000 பேர். கிம்ச்சி போடும் முட்டைக்கோஸ் கிடைக்காத இடத்தில் காரட்டைச் சீவிப் போட்டார்கள். கொரியாவில் அந்தப் பண்டம் கிடையாது! இப்போது உஸ்பெக் வீடுகளில் அது இல்லாமல் விருந்து இல்லை.

#4 ஊர்சுற்றி_திருச்சி

டீச்சர், அந்தக் காரட் வரிசையை நானும் பார்த்தேன், வாங்கவும் செய்தேன். இந்தக் கதை தெரியாது. ஸ்டாலினும் ஆட்களை ஓட்டிக்கொண்டு வந்து இறக்கியவர்தான், அதுவும் அதே மண்ணில்.

பழையபேப்பர் அண்ணா, 1404-இல் ஸ்பெயின் பக்கமிருந்து காஸ்டில் அரசரின் தூதராக சமர்கண்ட் வந்த க்ளாவிஹோ எழுதியது இங்கே பொருந்தும். தைமூர் எந்த நாட்டைப் பிடித்தாலும் அங்கே உள்ள நல்ல கைவினைஞர்களைச் சமர்கண்டுக்குக் கொண்டுவந்தான், டமாஸ்கஸிலிருந்து நெசவாளர், வில் செய்பவர், கண்ணாடி வேலைக்காரர் என்று வரிசை சொல்கிறார். மசூதி வாசல் உயரம் போதவில்லை என்று கட்டியதை இடிக்கச் சொன்னதையும் எழுதியிருக்கிறார். நடக்க முடியாத வயதில் பல்லக்கில் வந்து, அஸ்திவாரக் குழியில் வேலை செய்தவர்களுக்கு மேலிருந்து வெந்த இறைச்சியை வீசச் சொன்னானாம், நாய்க்கு எலும்பு போடுவது போல. சில சமயம் காசும் விழும்.

அந்த வாசல் முன்னால் நின்று படம் எடுத்தபோது அந்தக் குழி எங்கே இருந்திருக்கும் என்றுதான் தேடினேன்.

#5 கொக்குவிலான்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொரன்டோ. உஸ்பெகிஸ்தான் போனதில்லை. ஆனால் இந்தக் கதை எனக்குப் புதுசில்லை.

தஞ்சாவூர் அருங்காட்சியகத்தில ஒரு துவாரபாலகர் சிலை இருக்குது. தாராசுரத்தில இருந்து கொண்டுவந்து வச்சது. சாளுக்கிய வேலைப்பாடு. பீடத்தில தமிழில வெட்டியிருக்குது: விஜயராஜேந்திர தேவர் 'கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்' என்று. அதாவது முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகரை அழித்து எடுத்துக்கொண்டு வந்தது. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, கல்லிலேயே எழுதி வச்சிருக்கிறார்கள். போன வருசம் அதுக்கு முன்னால நின்று எங்கட ஆக்கள் பெருமையோட படம் எடுத்ததைப் பார்த்தேன். நானும்தான் எடுத்தேன்.

சிங்களப் பக்கத்தில போய்க் கேளுங்கோ. 993-இல ராஜராஜன் படை வந்தது. அனுராதபுரம் அதோட தலைநகராக இருக்கிறது முடிஞ்சுது. 1017-இல அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடிச்சுக் கொண்டுபோனது, அவர் சோழ நாட்டிலேயே செத்தது. சூளவம்சம் என்ற இலங்கையின்ர பழைய சரித்திர நூல் சோழரை ரத்தம் குடிக்கிற யக்கர் என்று எழுதுது. அதே சோழர் பொலன்னறுவையில கட்டின சிவன் கோயில் இன்றைக்கும் முழுசாக நிற்குது, அந்த ஊரிலேயே பழைய கட்டடங்களில ஒன்று. சிங்களச் சனமும் வந்து பார்த்திட்டுப் போகுது.

திருச்சி அண்ணை டெல்லிக்காக வருத்தப்படுகிறார். சரி. உங்கட வழிகாட்டிப் பெண்ணின்ர இடத்தில நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிச்சுப் பார்த்தேன். அவ சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன்.

#6 வேங்கைநாடன்

சோழரையும் தைமூரையும் ஒரே தராசில் வைப்பதா? ராஜேந்திரன் கங்கை வரை போனான், 1025-இல் ஸ்ரீவிஜயம் வரை கப்பல் அனுப்பினான். போன இடமெல்லாம் மண்டையோட்டுக் கோபுரம் கட்டினானா? தைமூர் ஈரானின் இஸ்ஃபஹானில் என்ன செய்தான் என்று படித்துவிட்டு வாருங்கள். நம் அரசர்கள் ஏரி வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், ஊர்ச்சபைக்கு அதிகாரம் கொடுத்தார்கள். இந்த மாதிரி ஒப்பிட்டே நம் வரலாற்றை நாமே கேவலப்படுத்துகிறோம்.

#7 கொக்குவிலான்

தம்பி, அளவு வேறதான். அதில சந்தேகம் இல்லை. 1387-இல வரி கேட்கப் போன தைமூர் ஆட்களை இஸ்ஃபஹான் சனம் கொன்றதுக்கு அந்த நகரத்துக்கே என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும். அப்படி ஒன்றைச் சோழர் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அனுராதபுரத்தில இருந்தவனுக்கு உங்கட தராசு கையில இல்லை. அவனுக்கு வீடு எரிஞ்சது மட்டும்தான் தெரியும்.

ஏரி வெட்டினார்கள் என்கிறீர்கள். சமர்கண்டில அந்தப் பிள்ளையும் அதைத்தானே சொன்னவ, நாட்டைக் கட்டினவர் என்று.

#8 நிர்வாகி

வேங்கைநாடன், கொக்குவிலான், இருவரும் மரியாதை குறையாமல் பேசுகிறீர்கள், நன்றி. சோழர் விவாதத்தைத் தொடர விரும்பினால் வரலாறு பகுதியில் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே உஸ்பெகிஸ்தானுக்குத் திரும்புவோம்.

#9 குடந்தை_சிவில்

கட்டடம் பற்றி யாரும் பேசவில்லையே. என் தொழில் அது, அதனால் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமர்கண்டின் ரெகிஸ்தான் சதுக்கத்தைப் பார்த்து வாய் பிளக்காதவர் கிடையாது. மூன்று பக்கம் மூன்று மதரஸா. தைமூரின் பேரன் உலுக் பெக் கட்டியது 1420-இல் முடிந்தது. எதிரே இருக்கும் ஷேர்தோர் 1636-இலும் நடுவில் இருக்கும் தில்லாகாரி 1660-இலும் முடிந்தன. அதாவது ஒரே காட்சியாகத் தெரிவது 240 வருட வேலை, பிந்தைய இரண்டும் தைமூர் வம்சம் போன பிறகு உஸ்பெக் ஆட்சியில் கட்டியவை. ஷேர்தோர் வாசலில் முதுகில் மனித முகச் சூரியனோடு புலி மானைத் துரத்துகிறது. உயிர் உருவம் வரையக் கூடாது என்ற மரபுக்கு நடுவில் அப்படி ஒன்று.

ஆனால் நீங்கள் பார்க்கிற பளபளப்பு எவ்வளவு பழையது? தில்லாகாரியின் நீலக் குவிமாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அது கிடையாது. வெளிக் குவிமாடத்தைச் சோவியத் காலத்தில்தான் ஏற்றினார்கள். உலுக் பெக் மதரஸாவின் ஒரு மினார் சாய்ந்துகொண்டே வந்தது. 1932-இல் ஷுகோவ் என்ற ரஷ்யப் பொறியாளர் வகுத்த முறைப்படி அதை அப்படியே திருப்பி நிமிர்த்தினார்கள். இடிக்கவில்லை, கல்லைக் கழற்றவில்லை. என்னைக் கேட்டால் அந்தச் சதுக்கத்தில் முதலில் வணங்க வேண்டியது அந்த மினாரைத்தான்.

பீபி கானிம் கதை இன்னும் மோசம். ஐந்தாறு வருடத்தில் அவ்வளவு பெரிய செங்கல் கட்டடம், நிலநடுக்கம் வரும் பூமியில். கட்டி முடித்த கொஞ்ச காலத்திலேயே தொழுகைக்கு வந்தவர்கள் தலையில் செங்கல் உதிர ஆரம்பித்தது. 1897 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி போயிற்று. இன்று நிற்பதில் நிறைய, 1970-களிலிருந்து கட்டியது, உள்ளே கான்கிரீட்டும் உண்டு. திருச்சிக்காரரே, நீங்கள் கை தட்டாமல் நின்றீர்களே, அந்த டெல்லித் தச்சர்கள் தொட்ட கல் எது என்று கண்டுபிடிப்பது கடினம்.

பாபர் இதைப் பற்றி எழுதியிருப்பது தெரியுமா? தைமூரின் மசூதியில் அஜர்பைஜான், பார்ஸ், இந்துஸ்தானம் என்று பல நாட்டிலிருந்து வந்த 200 கல்தச்சர்கள் தினமும் வேலை செய்ததாக எழுதியிருக்கிறார்கள், எனக்கு ஆக்ராவில் மட்டும் தினம் 680 பேர் வேலை செய்கிறார்கள் என்று பீற்றிக்கொள்கிறார். பாட்டனை மிஞ்ச வேண்டும் என்ற ஆசை!

அப்புறம் ஷக்ரிசப்ஸ். அங்கே அக்சராய் அரண்மனை வாசலின் இரண்டு தூண் மட்டும்தான் பாக்கி, அதுவே 38 மீட்டர். அதைச் சுற்றி இருந்த பழைய குடியிருப்பை, மண் வீடுகள், சந்துகள், முற்றங்கள் எல்லாவற்றையும் இடித்துப் புல்வெளியும் நடைபாதையும் போட்டார்கள். 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊரை யுனெஸ்கோ 2016-இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. க்ளாவிஹோ இன்னொன்றும் எழுதியிருக்கிறார். சமர்கண்டில் கடைவீதிக்காக ஊர் நடுவே ஒரு நேர்தெரு வேண்டும் என்று தைமூர் உத்தரவு போட, குடியிருந்தவர்களைச் சாமான் செட்டோடு விரட்டி, வீடுகளை இடித்து, இருபது நாளில் தெருவை முடித்துக் கொடுத்தார்களாம். ஆறு நூற்றாண்டு கழித்து அதே கதை, அவனுடைய ஊரிலேயே, அவன் சிலைக்கு முன்னால்.

#10 ஊர்சுற்றி_திருச்சி

ஷக்ரிசப்ஸில் எனக்கு ஏன் மனம் ஒட்டவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. வெயிலில் ஒரு பெரிய புல்வெளி, நடுவில் சிலை, ஒதுங்க ஒரு சந்து இல்லை. சுற்றி வளைத்த சுவருக்குப் பின்னால் கொஞ்சம் பழைய வீடுகள் தெரிந்தன. பஸ் கிளம்ப வேண்டும் என்று அங்கே போக விடவில்லை.

#11 ரிட்டயர்டு_தபால்

தாஷ்கண்ட் என்றால் என் வயதுக்காரர்களுக்கு ஒன்றுதான். 1966 ஜனவரி, பொங்கலுக்குச் சில நாள் முன்னால். பாகிஸ்தானோடு உடன்படிக்கை ஆயிற்று என்று ரேடியோவில் கேட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் சாஸ்திரி போய்விட்டார் என்றார்கள். கையெழுத்து 10-ஆம் தேதி, உயிர் போனது 11-ஆம் தேதி அதிகாலை. எங்கள் தெருவில் கோலம்கூடப் போடவில்லை.

போன ஆண்டு மகன் கூட்டிக்கொண்டு போனான். சாஸ்திரி பெயரில் தெரு இருக்கிறது, மார்பளவுச் சிலையும் இருக்கிறது. பக்கத்தில் மரங்கள், பெஞ்சில் கிழவர்கள். ஒருவர் என்னைப் பார்த்து "ஹிந்துஸ்தான்?" என்று கேட்டு, ராஜ்கபூர் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் சாஸ்திரி பார்த்த ஊர் இப்போது அங்கே இல்லை. அவர் போன அதே வருடம் ஏப்ரல் 26-இல் நிலநடுக்கம். அளவில் பெரியது இல்லை, ஆனால் ஊருக்கு நேர் அடியில், ஆழம் குறைவாக வந்ததால் மண் வீடுகள் தாங்கவில்லை. சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். சோவியத்தின் எல்லாக் குடியரசிலிருந்தும் ஆட்கள் வந்து கட்டினார்கள். இன்று தெருக்கள் அகலம், மரம் நிறைய, கட்டடம் எல்லாம் ஒரே அச்சு.

மெட்ரோவில் ஏறுங்கள். 1977-இல் ஓட ஆரம்பித்தது, மத்திய ஆசியாவில் அதுதான் முதல். 2018 வரை உள்ளே படம் எடுக்கத் தடை, ராணுவ முக்கியத்துவமாம். விண்வெளி வீரர்கள் பெயரில் ஒரு நிலையம், நீலச் சுவரில் வட்ட வட்டமாகக் ககாரின், தெரஷ்கோவா. கூடவே உலுக் பெக்கும் இருக்கிறார்!

#12 பழையபேப்பர்

ஐயா, உலுக் பெக்கைச் சொன்னீர்கள், எனக்கு உயிர் வந்தது. தைமூரைப் பற்றியே பேசி அவருடைய பேரனை மறந்துவிட்டோம்.

சமர்கண்ட் ஓரத்தில் ஒரு மேட்டில் அவருடைய வானியல் கூடம். மேலே இருந்த கட்டடம் போய்விட்டது. பூமிக்குள் வெட்டிய வளைவின் அடிப்பகுதி மட்டும் மிச்சம், அதை 1908-இல் வியாட்கின் என்ற ரஷ்யத் தொல்லியலாளர் கண்டெடுத்தார். முழு வளைவின் ஆரம் ஏறக்குறைய 40 மீட்டர் இருந்திருக்கும். தொலைநோக்கி இல்லாத காலம், கருவி எவ்வளவு பெரியதோ அவ்வளவு நுட்பமாக அளக்கலாம். ஆயிரத்துக்கு மேல் விண்மீன்களின் இடத்தைக் குறித்துப் பட்டியல் போட்டார்கள். ஆண்டின் நீளத்தை ஒரு நிமிடத்துக்குள் பிசகாகச் சொன்னார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் மூன்று நூற்றாண்டு கழித்து ராஜா ஜெய்சிங் டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஜந்தர் மந்தர் கட்டினார். தாத்தா டெல்லிக்குச் செய்தது ஒன்று, பேரன் மூலம் டெல்லிக்கு வந்தது இது.

அரசனாக அவர் தோல்விதான். 1449-இல் சொந்த மகனே ஆள் வைத்துக் கொன்றான். 1941 ஜூனில் கெராசிமோவ் என்ற சோவியத் விஞ்ஞானி குழு குர் அமீர் சமாதியைத் திறந்து எலும்புகளை ஆராய்ந்தது. தைமூரின் வலது கால் ஊனம் உண்மை என்று தெரிந்தது. உலுக் பெக்கின் கழுத்து வெட்டுப்பட்டதும் உறுதியானது. சமாதியைத் திறந்தால் பெரும் போர் வரும் என்ற சாபக் கதையை வழிகாட்டிகள் விடாமல் சொல்வார்கள், ஏனென்றால் அதே வாரம் ஹிட்லர் படை சோவியத்துக்குள் நுழைந்தது. அந்தப் படையெடுப்புத் திட்டம் அதற்கு எத்தனையோ மாதம் முன்பே தயார். நம்பாதீர்கள், ஆனால் கேட்க நன்றாக இருக்கும்.

#13 அரல்_பார்த்தவன்

நான் ஆராய்ச்சி வேலையாக மேற்கே காரகல்பகஸ்தான் போனேன். மொய்னாக் என்ற ஊர். ஒரு காலத்தில் மீன்பிடித் துறைமுகம், மீன் டப்பாத் தொழிற்சாலை எல்லாம் இருந்தது. இப்போது கரையில் நின்றால் மணலில் துருப்பிடித்த படகுகள் வரிசையாக நிற்கின்றன, தண்ணீர் கண்ணுக்கு எட்டிய தூரம் இல்லை. அந்த அரல் கடல் 1960 வரை உலகின் நான்காவது பெரிய ஏரி. அதில் விழும் ஆமு தரியா, சிர் தரியா ஆறுகள் இரண்டையும் பருத்திக்குத் திருப்பினார்கள். வெள்ளைத் தங்கம் என்று பெயர்.

அதே பருத்திக்காகத்தான் சுதந்திரத்துக்குப் பிறகும் ஆசிரியர்கள், டாக்டர்கள், பிள்ளைகள் எல்லாரையும் அரசு அறுவடைக்கு ஓட்டியது. வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்தன, 2022-இல்தான் அது விலகியது. சிலை பற்றி எவ்வளவோ பேசினோம், யார் யாரை எந்த வேலைக்கு ஓட்டினார்கள் என்று பார்த்தால் பட்டியல் 1400-களில் நிற்கவில்லை.

#14 மீனா_டீச்சர்

தண்ணீர் பேச்சு வந்ததால் புகாரா. அங்கே ஊர் முழுக்கக் கல்படி வைத்த குளங்கள் இருந்தன. குளிப்பது, குடிப்பது, துணி எல்லாம் அதில்தான். அதனால் ஊர் முழுக்க நரம்புச் சிலந்தி. நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், காலில் கொப்புளம் வந்து புழு நூல் போல வெளிவரும், குச்சியில் சுற்றி மெல்ல இழுப்பார்கள். 1920-களில் இசாயெவ் என்ற மருத்துவர் தலைமையில் குளங்களைத் தூர்த்து, குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து, சில ஆண்டுகளிலேயே நோயை ஒழித்துவிட்டார்கள். இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றிதழ் வாங்கியது 2000-இல்தான்.

குளம் போனதும் தவளை போனது. தவளை போனதும் நாரை வரவில்லை. மசூதிக் கூரைகளில் பழைய கூடுகள் மட்டும் அங்கங்கே இருக்கின்றன. லயாபி ஹவுஸ் என்ற ஒரு பெரிய குளத்தை வைத்திருக்கிறார்கள், சுற்றி மல்பெரி மரம், தேநீர்க் கடை. மாலையில் ஊரே அங்கேதான். குளம் அழகு என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த எங்களிடம், அந்தப் புழு வெளிவந்த கதையைத் தன் பாட்டி சொன்னதாக ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு அழகான குளம் வேண்டும், எங்களுக்குக் காலில் புழு இல்லாமல் இருந்தால் போதும்" என்றார்.

#15 கவிதா_நாமக்கல்

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகள் சமர்கண்டில் மருத்துவம் படிக்கிறாள், அங்கே நம் பிள்ளைகள் ஏகப்பட்ட பேர். செப்டம்பரில் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறோம். அம்மா சுத்த சைவம். சாப்பாடு எப்படி? விசா கஷ்டமா? தைமூர் பற்றிக் கேட்டால், "சித்தி, எங்கள் பஸ் நிறுத்தமே அவர் சிலைதான், அவ்வளவுதான் தெரியும்" என்கிறாள்.

#16 ஊர்சுற்றி_திருச்சி

கவிதா, விசா கஷ்டமே இல்லை, இணையத்தில் போட்டால் மின்னஞ்சலில் வந்துவிடும். டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேர் விமானம், மூன்று மணி நேரம்தான். அங்கிருந்து சமர்கண்டுக்கு அஃப்ரோசியாப் என்ற அதிவேக ரயில், இரண்டு மணி நேரம் சொச்சம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். தங்குமிடத்தில் தரும் பதிவுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம்தான் கொஞ்சம் பாடு. சோற்றில் ஆட்டுக்கறி, ரொட்டிக்குள் ஆட்டுக்கறி, சூப்பிலும் அதுவே. பூசணிக்காய் வைத்த சம்சா கேளுங்கள், தக்காளி வெங்காய சாலட், நான் ரொட்டி, தயிர், செப்டம்பர் என்றால் முலாம்பழமும் திராட்சையும் தாராளம். பாபர் இந்தியாவுக்கு வந்து நல்ல முலாம்பழம் இல்லை என்று ஏன் அப்படிப் புலம்பினார் என்பது அங்கே ஒரு துண்டு வாயில் போட்டால் தெரியும். மாணவர்கள் அதிகம் என்பதால் இந்திய மெஸ்களும் இருக்கின்றன, அக்கா மகளுக்கே தெரியும்.

#17 வேங்கைநாடன்

நானும் அடுத்த வருடம் போகலாமா என்று பார்க்கிறேன். ஜூலையில் லீவு கிடைக்கும். சரியா?

#18 குடந்தை_சிவில்

ஜூலை வேண்டாம் தம்பி, 40 டிகிரி தாண்டும், ரெகிஸ்தான் தரையில் நடக்க முடியாது. ஏப்ரல், மே, இல்லை செப்டம்பர், அக்டோபர். ஷக்ரிசப்ஸ் போனால் புல்வெளியில் நிற்காமல் சுவருக்குப் பின்னால் இருக்கும் பழைய தெருக்களுக்குள் போய்ப் பாருங்கள், படம் எடுத்து இங்கே போடுங்கள்.